மிச்ச டேப்பில் தாசப்பன்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து மழை. பாறசாலை ரோடு முழுக்கத் தண்ணீர். என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்தது மூன்று பேர். அதில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். நல்லதாயிற்று, கட்டுரை முடிந்தது.

ஞாயிறு மாலை குளத்தூர் நூலகத்தில் எனக்கு இருபது நிமிடம். விஷயம், தாசப்பனின் கிட்டார். கோவளத்தில் ஒரு ஹோட்டலில் வெள்ளைக்காரர்கள் சாப்பிடும்போது ஜாஸ் வாசித்தவர். இறந்து பதினோரு வருடம். குளத்தூரில் அவரைப்பற்றிக் கேட்டால் 'ஹோட்டல்ல கிட்டார் தட்டினவன்' என்பதோடு சரி. ஒரு ரெக்கார்டு கூட வெளிவரவில்லை.

இருப்பது ஒன்பது கேசட். அந்தக் காலத்தில் கல்ஃபில் இருந்த அவர் தம்பி செல்வனுக்குக் கடிதத்துக்குப் பதில் வீட்டார் கேசட்டில் பேசி அனுப்பியிருக்கிறார்கள். பேசி மிஞ்சிய டேப்பில் தாசப்பன் வாசித்திருக்கிறார். நவம்பரில் செல்வன் கண்ணாடி மாற்ற வந்தார். என் கடை ரேடியோவில் எப்போதும் பாட்டு ஓடுவதைப் பார்த்து மறுநாள் கேசட்டுகளைப் பிஸ்கட் டின்னோடு கொண்டுவந்து கொடுத்தார். பேச்சை நான் கேட்டதில்லை. அது அவர்கள் குடும்ப விஷயம். பரணில் கிடந்த பழைய டேப் ரெக்கார்டரில் வேகமாக ஓட்டி, கிட்டாரில் நிறுத்துவேன்.

கட்டுரையின் முதல் வரி: 'அவசரமே அறியாத கலைஞன்.' ஒவ்வொரு சுரமும் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும். தடித்த, இருண்ட ஓசை. ஏழு மாதமாக அதிலேயே கிடக்கிறேன்.

மதியம் சாமுவேல் சார் வந்தார், கண்ணாடியின் ஆணி முறுக்க. பழைய சர்ச் கொயர் மாஸ்டர். தாசப்பனைக் கோயில் பாட்டுக்குழுவிலிருந்து நிறுத்தியவர். ஏன் என்று கேட்டேன்.

"அவன் ஓடுவான். பாட்டுக்கு முன்னால போவான், பின்னால போவான், நிக்க மாட்டான். பாடுறவனுக்கு மூச்சு விட வேண்டாமா?"

பச்சைப் பொய். ஞாயிற்றுக்கிழமை இவர் வாயை அடைக்காமல் விடுவதில்லை. நிகழ்ச்சி நோட்டீஸ் கொடுத்தேன். "வாறேன்" என்றார்.

செய்ய வேண்டியவை:
ரோசம்மா அக்கா சம்மதம் (தாசப்பன் மனைவி, அவர் குரலும் டேப்பில் உண்டு)
ஸ்பீக்கர்
குடைக்கம்பி
சாளை மீன் கிடைத்தால்

ஜூன் 10, செவ்வாய்

ரோ. அக்கா வீடு. பாலில்லாத கட்டஞ்சாயா, நேந்திரங்காய் வறுவல். சம்மதம் இல்லை.

"எங்க வீட்டு வர்த்தமானம் எல்லாம் அதில உண்டு. ஊருக்கு முன்னால போடவோ?"

பேச்சை வெட்டிவிடுவேன் என்றேன்.

"வெட்டினாலும் வேண்டாம் மக்கா. இருந்தப்ப ஒருத்தனும் கேக்கல்ல. இப்ப எதுக்கு?"

சாளையும் கிடைக்கவில்லை. நாளைக்கும் போவேன்.

ஜூன் 11, புதன்

மழை விட்டுவிட்டு. டேப் ரெக்கார்டரைக் கட்டைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடியும். ஒரு தடவை கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள், பிறகு வரமாட்டேன் என்றேன். பொய்தான். வந்திருப்பேன்.

"முதல்ல எம் பேச்சைப் போடு. என்ன சொல்லி வச்சிருக்கேன்னு பாக்கட்டு."

போட்டேன். கனத்த, இழுவையான குரல். அக்கா முகத்தைச் சுளித்தார்.

"இது ஆரு?"

"நீங்கதான் அக்கா."

"நானா? இது ஏதோ ஆம்பள. குடிச்சிட்டுப் பேசுறான்."

சிரிக்க வாயைத் திறந்தேன், சிரிப்பு வரவில்லை. குரல் இழுத்தால் கிட்டாரும்தானே இழுக்கும்.

ஜூன் 12, வியாழன்

கடைக்கு அரைநாள் பூட்டு. நெய்யாற்றின்கரை, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பழைய ரேடியோ மெக்கானிக். மூடியைத் திறந்து பார்த்தார், அவ்வளவுதான்.

"பெல்ட்டு தளந்து போச்சு சேச்சி. எல்லாம் இழுத்திட்டாக்கும் ஓடும். எத்தனை நாளா இப்படி?"

"ஏழு மாசம்."

"ஒண்ணும் தோணல்லியா?"

தோன்றவில்லை. ஏழு மாதமாக நான் ஒரு ரப்பர் பெல்ட்டைப் புகழ்ந்திருக்கிறேன். மரியாதை பார்த்துப் பேச்சை ஓட்டிவிட்டதில் வந்த வினை. யாராவது ஒருவர் பேசுவதை அரை நிமிடம் கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

புது பெல்ட் போட்டார். வேகத்தைச் சரிபார்க்கப் பின்னால் ஒரு சின்ன ஓட்டை, உள்ளே ஸ்க்ரூ. "தெரிஞ்ச சத்தம் ஏதாவது வச்சுத் திருப்பிப் பாத்துக்கிடுங்க."

திரும்பும் பஸ்ஸில் அழுகை முட்டியது. நூலகத்தைக் கூப்பிட்டு நிகழ்ச்சி வேண்டாம் என்று சொல்ல போனை எடுத்தேன். வைத்துவிட்டேன். தப்பாகக் கேட்டது நான். அதற்குத் தாசப்பன் ஏன் கேட்கப்படாமல் போக வேண்டும்? நாளைக்கு அக்கா வீடு.

ஜூன் 13, வெள்ளி

வெயில்! கண்ணாடிக்கு ஆணி முறுக்கும் சின்ன ஸ்க்ரூடிரைவரோடு போனேன். நான் திருப்ப, அக்கா காதைக் கிட்டே வைத்துக் கேட்டார்.

"இல்ல. இன்னும் ஆம்பளதான்."

கொஞ்சம்.

"இப்பக் கோழி."

அரைத் திருப்பு பின்னால்.

"நிறுத்து." கையைத் தூக்கினார். "இது நானாக்கும்."

கீச்சென்று சின்னப் பெண் குரல். "செல்வா, இங்க நல்ல மழை. உங்க அண்ணன் சோறும் திங்காம கிட்டாரோட இருக்காரு. நான் பேசினது போதும். மிச்சம் உள்ள டேப்பு அவருக்காக்கும்."

அப்புறம் கிட்டார். யாரோ புது ஆள். வேகம். எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை பாடும் பாட்டுத்தான், ஆனால் பக்கவாட்டில் வந்து நுழைகிறார். ராகத்தை நழுவவிட்டு, போய்விட்டது என்று நினைக்கும்போது எட்டிப் பிடிக்கிறார். கட்டைவிரல் தனியாக நடக்கிறது, மற்ற விரல்கள் ஓடுகின்றன. டேப் தீர்வதற்குள் சொல்லிவிட வேண்டும் என்ற ஓட்டம். நான் கேட்டதைவிட நூறு மடங்கு. என் ஏழு மாதப் பிரியம் வீண் என்று நினைத்தேன். இல்லை, இப்போதுதான் ஆரம்பம்.

ரோ. அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தார்.

"போட்டுக்கோ. எம் பேச்சையும் வெட்டாத."

ஜூன் 14, சனி

கட்டுரை முழுவதும் குப்பைக்கு. 'நிதானம்' என்று பதினாறு இடத்தில் எழுதியிருக்கிறேன். பதினாறும் அடித்தாயிற்று.

கசப்பு: சாமுவேல் சார் சொன்னது உண்மை. ஓடத்தான் செய்கிறார். அதைச் சபையில் சொல்லிவிடுவது என்று முடிவு. ஆனால் ஓட்டம் குற்றமா என்று அவர் காது சொல்லட்டும்.

ஒன்பது கேசட்டும் புது வேகத்தில் போனில் பதிந்தேன். மூன்றாவதில் பூஞ்சை, அதிலும் நாலு நிமிடம் தப்பியது. தலைவலி. குடைக்கம்பி இன்னும் சரியாக்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

மழை, ஆனாலும் முப்பது பேர் இருக்கும். ரோ. அக்கா முன் வரிசை, நீலச் சேலை. சார் கடைசி பெஞ்ச், கையைக் கட்டிக்கொண்டு.

பெல்ட் கதையைச் சொன்னேன், சிரித்தார்கள். சிரிக்கட்டும். சார் சொன்னது சரி என்றும் சொன்னேன். அவர் தலையாட்டினார். பேச்சு ஐந்து நிமிடம், மீதி நேரம் தாசப்பன் என்று முதல் கேசட்டைப் போட்டேன்.

அக்காவின் குரலுக்கு ஒரு சிரிப்பு. கிட்டார் வந்ததும் அடங்கினார்கள். மேலே ஏறி ஏறி, இறங்குவதற்கு முன் டக் என்று நின்றது. டேப் அவ்வளவுதான்.

கடைசி பெஞ்சிலிருந்து சார்.

"பாக்கி எங்க மக்கா?"

"இல்ல சார். டேப்பு தீந்து போச்சு."

ரோ. அக்கா திரும்பினார். எழுந்திருக்கவில்லை.

"அண்ணைக்கு நிறுத்தச் சொன்னீங்க சார். இண்ணைக்கு பாக்கி கேக்கிறீங்களோ?"

சார் கண்ணாடியைக் கழற்றினார். நான் ஆணி முறுக்கிக் கொடுத்தது. சட்டை நுனியால் துடைத்தார்.

"ஆமா. கேக்கிறேன்" என்றார். "முதல்லேந்து போடு. ரோசம்மா பேசுற இடத்திலேந்து."