நாற்பத்தொன்றாம் எண் கோட்டு

ஜூன் 3
ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். என் வீட்டுக்காரர் பதினோரு வருஷம் துணி மடித்த அதே மேசை. அவர் போய்ச் சேர்ந்து இரண்டு மாதம். அவருடைய நாற்பத்தொன்றாம் எண்ணையே எனக்கும் கொடுத்தார்கள், நல்ல மனுஷர்கள். மகள் என் வேலை அட்டையைப் படித்தாள்: "தற்காலிகப் பணியாளர்னு போட்டிருக்கும்மா. மூணு மாசம்." அஞ்சாவது வரை படித்த எனக்குப் புரியாமலா? அவள் வாயால் வேறு மாதிரி வருமா என்று பார்த்தேன்.

ஜூன் 4
எண் போட்ட துணித்துண்டை வேலைக் கோட்டில் நாலே நாலு நீளத் தையலில் வைத்தேன். செப்டம்பரில் பிரிக்கச் சுலபம்.

ஜூன் 19
எங்கே போனாலும் அந்தச் சொல்தான். லிஃப்ட் 'தற்காலிகமாக இயங்காது'. தெருவில் 'தற்காலிகப் பாதை'. வீட்டுக் குழாயில் டியூப் ரப்பரைச் சுற்றிக்கொண்டே அவர் சொன்னது — "இது தற்காலிகம்தான்டி, ஞாயித்துக்கிழமை சரியா பண்றேன்." ஆறு வருஷம். எத்தனை ஞாயிறு! இன்றைக்கும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. சிரித்தேன். அப்புறம் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஏன்யா இப்படிப் போனே?

ஜூலை 8
மானம் போயிற்று. வாரச் சலவையில் என் எண் பிய்ந்து மெஷினின் வடிகுழாயை அடைத்துக்கொண்டது. அரைநாள் எல்லாரும் கையால் பிழிந்தார்கள். "யாரு நாப்பத்தொண்ணு?" என்று சூப்பர்வைசர் வந்து நின்றார். வேலை இன்றோடு சரி என்றே நினைத்தேன். கிழிந்த விரிப்புகளைத் தைக்கும் அக்கா முந்திக்கொண்டாள்: "நான் தச்சது சார்."
அவர் போனதும் என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏண்டி, இது தையலா கொசுவலையா?"
"மூணு மாசம்தானேக்கா... பிரிக்கணுமேன்னு."
"கத்தரி என்கிட்ட இருக்கு, பிரிக்கிறது என் வேலை. இருக்கிற வரைக்கும் நீ ஒழுங்கா இரு."
தையல் மெஷினில் எண்ணைச் சுற்றி மூன்று வரிசை அடித்துக் கொடுத்தாள்.

ஜூலை 9
மனசு கேட்கவில்லை. சூப்பர்வைசரிடம் நான்தான் என்றேன். "தெரியும்மா. அந்தக்கா தையல் எனக்குத் தெரியாதா? உங்க வீட்டுக்காரரும் மொத மாசம் ஒரு மெஷினை நிறுத்தினவர்தான்." என்னிடம் சொல்லவே இல்லையே அவர், கள்ளன்!

செப்டம்பர் 2
அட்டை இன்றோடு முடிகிறது. எண்ணை இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

நவம்பர் 20
புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். அட்டையில் அதே சொல். எண்ணை நாலு தையலில் தொங்கவிட்டிருந்தாள். வாங்கி, சுற்றி மூன்று வரிசை அடித்தேன்.
"அப்புறம் பிரிக்கணுமேக்கா?" என்றாள்.
"கத்தரி அந்த அக்காகிட்ட இருக்கு" என்றேன். "எங்க வச்சோம்னு செப்டம்பர்லேருந்து தேடிக்கிட்டிருக்கா."