எட்டாம் அறைக் கணினியை அணைத்து வைக்கக் கோரி மூன்றாவது மனு

அனுப்புநர்
லிப்ட் மெக்கானிக்,
(தொண்டை அறுவைப் பிரிவு நோயாளியின் கணவர்)

பெறுநர்
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: பேச்சுப் பயிற்சி அறைக் கணினியை உடனே அணைத்து, யாரும் தொடாமல் வைக்க வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: திங்கள், புதன் ஆகிய நாட்களில் நான் கொடுத்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய அம்மா,

1. சென்ற மாதம் இங்கே என் மனைவியின் குரல்வளை அகற்றப்பட்டது. உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தீர்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

2. அறுவைக்கு முன் பதினொரு நாள், பேச்சுப் பயிற்சியாளர் அவள் குரலை எட்டாம் அறைக் கணினியில் பதிவு செய்தார். பிறகு ஒரு கருவி வரும், பொத்தானை அழுத்தினால் அவள் குரலிலேயே பேசும் என்றார். வீட்டில் பேசுவதையே பேசச் சொன்னார். "ஏங்க, சாவி எங்க?" "பேப்பரை மடிச்சு வெச்சா கை தேஞ்சா போயிடும்?" இப்படி முந்நூற்றுப் பன்னிரண்டு வாக்கியங்கள். பாதிக்கு மேல் என்னைத் திட்டுபவை. மூவரும் சிரித்தோம். ஒரு பிரதி எடுத்து வைக்க மூவருக்குமே தோன்றவில்லை.

3. அலுவலகக் கணினி பழுதானதால் ஊழியர் வருகைப்பதிவும் தபாலும் இப்போது அந்தக் கணினியில்தான். சென்ற வெள்ளியன்று இடம் போதவில்லை என்று எழுத்தர் பழைய கோப்புகளை அழித்ததில் அவள் குரலும் போயிற்று. அவர் கெட்டவர் அல்லர். விஷயம் தெரிந்ததும் அவருக்கு முகமே வெளிறிவிட்டது.

4. கணினி பழுதுபார்ப்பவர் ஒருவரைக் காலில் விழாத குறையாகக் கேட்டேன். அழித்தது உடனே போய்விடாது, அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை உள்ளேதான் கிடக்கும் என்றார். முதல் வேலை, கணினியை அணைப்பது. அதில் எதையும் சேமிக்கக் கூடாது. மீட்கும் மென்பொருளைக்கூட ஏற்றக் கூடாது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் பிரதி எடுத்து, பிரதியில்தான் தேட வேண்டும். எனக்குக் கணினியில் ஆனா ஆவன்னா தெரியாது. ஆனால் லிப்ட்டில் ஆள் மாட்டிக்கொண்டால் நாங்களும் முதலில் மெயின் சுவிட்சைத்தான் அணைப்போம்.

5. அணைக்கத் தங்கள் உத்தரவு வேண்டும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். ஆகவே மனுக் கொடுத்தேன். இருமுறையும் முறைப்படி பெற்றுக்கொண்டு, படம் எடுத்து, எண் போட்டு, அதே கணினியில் சேமித்தார்கள். ரசீதை வாங்கிக்கொண்டு நன்றியும் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. என் மனுக்கள் அவளுடைய எந்த வாக்கியத்தின் மேல் போய் உட்கார்ந்தனவோ!

6. அவளிடம் இன்னும் சொல்லவில்லை. கருவி எப்போது வரும் என்று தினமும் நோட்டில் எழுதிக் காட்டுகிறாள். எனக்கு நம்பிக்கை அநேகமாகப் போய்விட்டது. ஒரே ஒரு வாக்கியம் மிஞ்சினால் போதும், அம்மா. திட்டாக இருந்தாலும் சரி.

ஆகவே, கணினியை அணைக்கும்படி வாயாலேயே ஓர் உத்தரவு சொல்லுங்கள். இந்த மனுவைத் தயவுசெய்து கணினியில் ஏற்ற வேண்டாம். எனக்கு ரசீது வேண்டாம்.

இடம்: எட்டாம் அறை வாசல்
நாள்: வெள்ளிக்கிழமை, வருகைப்பதிவு தொடங்குமுன்

இப்படிக்கு,
(கையொப்பம்)
லிப்ட் மெக்கானிக்