சுவருக்கான கல்

2006 பிப்ரவரி 20, திங்கள்

கிளட்ச் போய்விட்டது. சிப்காட் மேட்டில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி நகர மறுக்கிறது. பின்னால் வந்த லாரிக்காரன் கன்னடத்தில் என் குடும்பம் மொத்தத்தையும் நலம் விசாரித்தான். பக்கத்து வீட்டு மூர்த்தியண்ணனும் நானும் எங்கள் வீடு இருக்கும் மூக்கண்டப்பள்ளி வரை தள்ளிக்கொண்டு வந்தோம்.

பதின்மூன்று வருடம் ஓடிய மாருதி. வாங்கி இருபது நாள்கூட ஆகவில்லை. ஏப்ரல் ஒன்றிலிருந்து பொம்மசந்திராவில் வேலை செய்யும் நாலு பேரைத் தினமும் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். அது நடந்தால் இந்தக் கம்பெனிக்கு ஒரு கும்பிடு. நான் ஐடிஐ ஃபிட்டர். நாலு வருடமாகக் காண்ட்ராக்ட். எங்களுக்குக் காக்கிச் சட்டை, பர்மனென்ட் ஆட்களுக்கு நீலம். கேன்டீனில் வரிசைகூட வேறு.

மெக்கானிக் ஒரு மாதம் ஆகும் என்கிறான். போகட்டும். கிளட்ச் மாற்றக் கியர் பாக்ஸை நானே இறக்கி மாட்டுவேன்.

பிப்ரவரி 23, வியாழன்

தங்கதுரைக்கு இரண்டு விரல் போய்விட்டது. வலது கை.

பிரஸ் ஷாப்பில் எனக்கு அடுத்த மெஷின். அரியலூர்க்காரன், என்னோடு ஒரே நாளில் சேர்ந்தவன். தகட்டை அழுத்தும் அச்சான டையில் சிக்கியதை எடுக்கக் கையை விட்டான், மேல் டை இறங்கிவிட்டது. கை விடும் முன் இடையில் ஓர் இரும்பு முட்டு வைக்க வேண்டும். முட்டு அங்கே இல்லை. போன வாரம் சூப்பர்வைசர் அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினான். நான் பார்த்தேன். முட்டு வைத்து எடுக்கும் நேரத்தில் பீஸ் குறைகிறதாம்.

தங்கதுரை தரையில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். சூப்பர்வைசர் ஓடிவந்து கேட்ட முதல் கேள்வி, "பாத்துக் கை விடக் கூடாதா?"

அவன் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை.

பிப்ரவரி 25, சனி

ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு மட்டும். தூக்கிய வண்டியைத் தாங்க அதற்கென்று இரும்பு ஸ்டாண்டு வேண்டும். இதை ஐடிஐயில் முதல் மாதமே சொல்லிக் கொடுத்தார்கள். ஷிப்ட் முடிந்து பாகலூர் ரோடு, பஸ் ஸ்டாண்டு, தேன்கனிக்கோட்டை ரோடு என்று ஏழு கடை ஏறி இறங்கினேன். ஒருவன் சைக்கிள் ஸ்டாண்டை எடுத்துப் போட்டான். இன்னொருவன், "காரை நிக்க வைக்கவா? அதான் நாலு சக்கரம் இருக்குதே" என்றான். கடை முழுக்கச் சிரிப்பு.

ஏழாவது கடைக்காரர் மட்டும் பெங்களூர் ஜே.சி. ரோட்டில் கிடைக்கும் என்றார். "அவ்ளோ தூரம் எதுக்குப்பா? கல்லு வை. ஊரே கல்லுதான் வைக்குது."

நாடு முழுக்க ஓடும் வண்டிகளுக்குப் பாகம் அடித்து அனுப்பும் ஊர் இது. அதை அடிக்கிறவன் தன் வண்டிக்கு அடியில் போகக் கல்தான்.

மார்ச் 1, புதன்

விசாரணையாம். அன்று ஷிப்டில் இருந்தவர்கள் பார்த்ததை எட்டாம் தேதிக்குள் எழுதித் தர வேண்டும். 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று அறிக்கை ஏற்கெனவே டைப் ஆகிவிட்டது, பிறகு எதற்கு நாங்கள்?

காண்ட்ராக்டர் தோளில் கை போட்டுக் கேட் வரை நடந்தார். "கண்ணா, நீ எதையும் பாக்கல. இந்த மாசம் உனக்கு ரினீவல் வருதில்ல?"

வண்டி ஓடட்டும். ஓடிவிட்டால் எழுதுகிறேன். ஒரு வாரத்தில் என்ன ஆகிவிடும்.

மார்ச் 4, சனி

பாதுகாப்பு தினம். சட்டையில் பச்சை பேட்ஜ் குத்தி, வலது கையை நீட்டி உறுதிமொழி எடுத்தோம். வலது கையை. பாதுகாப்பு வாசகம் எழுதும் போட்டியில் சூப்பர்வைசருக்கு முதல் பரிசு, ஹாட்பாக்ஸ்.

மார்ச் 5, ஞாயிறு

எழுதியே ஆக வேண்டும்.

காலையில் வண்டியை வாசலில் நிறுத்தினேன். வீட்டுக்காரர் ஆஞ்சப்பன் புதிதாக ஐந்து அறை கட்ட ஹாலோ பிளாக் கல் இறக்கி வைத்திருக்கிறார். பெங்களூர் போகச் சோம்பல். அதைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை. நாலு கல் கேட்டேன்.

"ஏனப்பா, ஒடஞ்சா புதுக்கல்லு வாங்கிக் குடுப்பியா?" என்றார்.

"கார் ஏறி உக்காரப் போறது ரெண்டு மணி நேரம்தாங்க."

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இரண்டு பக்கமும் இரண்டிரண்டு கல்லாக அடுக்கி, வண்டியை அதன்மேல் இறக்கினேன். ஜாக்கியை உருவிக் கியர் பாக்ஸுக்கு அடியில் கொடுத்தேன். முன் சக்கரம் இரண்டையும் கழற்றி ஓரமாகப் போட்டேன். மூர்த்தியண்ணன் சாக்கை விரித்தார். அவரும் எங்கள் பிரஸ் ஷாப்தான். கீழே போல்ட்டுக்கு ஸ்பேனர் பிடிக்க ஒரு ஆள் வேண்டும், மேலே முறுக்க ஒரு ஆள். யார் மேலே, யார் கீழே என்று நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. வண்டிக்காரன் நான். மேலே நின்றேன்.

அவர் மனைவி முனிலட்சுமியக்கா துவைத்த துணிச் சட்டியோடு வந்தார். பாகலூர் ரோட்டில் ஒரு கட்டடத்தில் சித்தாள் வேலை. கல்லைப் பார்த்து நின்றுவிட்டார்.

"தம்பி, இது செவுத்துக்கு வைக்கிற கல்லுங்க."

"மூணு மாடியத் தாங்குதுக்கா. இந்த மாருதியத் தாங்காதா?"

"செவுரு நகராது. நீங்க முறுக்க முறுக்க வண்டி ஆடுமில்ல? தெனிக்கும் நானூறு கல்லு எறக்கறேன். மூலையில ஒரு இடி பட்டாப் போதும், பொலபொலன்னு கொட்டிரும்."

"அக்கா, நீங்க கல்லு தூக்கறவங்க. நான் ஃபிட்டரு."

சொன்னேன். இப்படியே சொன்னேன்.

மூர்த்தியண்ணன் சாக்கில் படுத்தபடி சிரித்தார். "வூட்லதான் மேஸ்திரின்னா இங்கயுமாடி?"

அக்கா சட்டியைக் கீழே வைத்தார். கழற்றிப் போட்டிருந்த இரண்டு சக்கரத்தையும் உருட்டி வந்து, அண்ணன் படுத்திருந்த வலது பக்கம், கதவுக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்துத் தள்ளினார். எதற்கு என்று கேட்டேன். "துணி காயப்போட வழியில்ல" என்றார். கொடி அந்தப் பக்கமே இல்லை. அது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

மூன்று போல்ட் சுலபமாக வந்தது. நான்காவது துருப்பிடித்து அசையவில்லை. ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் சொருகி, ஒரு காலைப் பம்பரில் ஊன்றி, முழு பலத்தையும் கொடுத்து இழுத்தேன். வண்டி லேசாக ஆடியது. பிறகு தேங்காய் உடைகிற மாதிரி ஒரு சத்தம். வலது பக்கம் அப்படியே இறங்கிவிட்டது.

அரைச் சாண் இறங்கி நின்றது. அக்கா வைத்த டயரின் மேல்.

கால் இரண்டும் வெளியே தெரிகிறது. அசையவில்லை. பிறகு ஒரு கால் அசைந்தது. காலைப் பிடித்து இழுத்தோம். தோள் முழுக்கச் சிராய்ப்பு, முகமெல்லாம் கியர் ஆயில். வாய் திறக்கிறது, சத்தம் வரவில்லை.

நான் முதலில் என்ன கேட்டேன்? என்ன கேட்டேன் தெரியுமா?

"பாத்துப் போகக் கூடாதாண்ணே?"

அதே வாக்கியம். யோசிக்காமல் வந்தது, வாயில் தயாராக இருந்தது போல.

முனிலட்சுமியக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ பாத்து வெச்சியா?"

மார்ச் 6, திங்கள்

மூர்த்தியண்ணன் வேலைக்கு வரவில்லை. கையைத் தூக்க முடியவில்லை. எலும்பு முறியவில்லை, தசை கிழிந்திருக்கிறது என்றார் டாக்டர். கேட்கிறவர்களிடமெல்லாம் பாத்ரூமில் வழுக்கிவிட்டதாகச் சொல்கிறார். என் பேர் வரக் கூடாதாம்.

அக்கா கதவைத் திறக்கிறார், நான் கொண்டுபோகும் சாப்பாட்டுத் தூக்கை வாங்கிக்கொள்கிறார், மூடுகிறார்.

மார்ச் 7, செவ்வாய்

வண்டி டயர்மேல் சாய்ந்தபடியே நிற்கிறது. யாரும் தொடவில்லை. ஆஞ்சப்பன் உடைந்த கல்லைக் காலால் புரட்டிப் பார்த்து, "நல்லவேளை, வண்டிக்கு ஒண்ணும் ஆகல" என்று போய்விட்டார்.

கல்லை வைத்தது நான். வேண்டாம் என்று ஒருவர் சொன்னார், அவர் சித்தாள் என்பதால் நான் கேட்கவில்லை. ஆட்டியது நான். அடியில் படுத்தது அவர். இதை ஓர் அறிக்கையாக நான் எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பேன்? கவனக்குறைவு என்றா? யாருடைய கவனக்குறைவு?

நாலு வருடமாக இந்த நோட்டில் யார் யாரையெல்லாம் திட்டியிருக்கிறேன்.

மார்ச் 8, புதன்

எழுதிக் கொடுத்துவிட்டேன். முட்டு எங்கே போனது, யார் எடுத்தது, எந்த நாள், எந்த ஷிப்ட். முக்கால் பக்கம். ஆபீஸ் கிளார்க் இரண்டு தடவை படித்துவிட்டு, "இத அப்படியே குடுக்கறியா?" என்று கேட்டார். கொடுத்தேன்.

மார்ச் 9, வியாழன்

நாளையிலிருந்து வர வேண்டாம். காண்ட்ராக்டர் கேட்டிலேயே சொல்லிவிட்டார், தோளில் கை போடவில்லை. அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். ஷூவையும் கேட்டார்கள். நாலு வருடத்தில் எங்களுக்கு ஷூ கொடுத்ததே இல்லையே சார் என்றேன்.

மார்ச் 10, வெள்ளி

ஜே.சி. ரோடு. மூன்றாவது கடையிலேயே ஸ்டாண்டு இருந்தது, ஒரு ஜோடி. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். இவ்வளவுதான் தூரம்.

மார்ச் 11, சனி

தங்கதுரையைப் பார்த்தேன். அறிக்கை மாறுமா என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. இடது கையால் டீ குடிக்கப் பழகிவிட்டான்.

"எழுதிக் குடுத்தியாமே."

"ம்."

"பதிமூணு நாளா என்னடா பண்ணிட்டு இருந்த?"



மார்ச் 12, ஞாயிறு

வாசலைக் கூட்டி, ஜல்லியெல்லாம் பொறுக்கிச் சமமாக்கினேன். ஹேண்ட் பிரேக். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்து, கழற்றிய சக்கரங்களையும் உள்ளே தள்ளினேன். பிறகு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"அக்கா, கொஞ்சம் வந்து பாக்கறீங்களா?"

ரொம்ப நேரம் கழித்து வந்தார். குனிந்து இரண்டு ஸ்டாண்டையும் தொட்டுப் பார்த்தார். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு வண்டியைத் தோளால் இடித்தார். அசையவில்லை. அந்தப் பக்கம் போய் இடித்தார். இன்னொரு தடவை, இன்னும் பலமாக.

மூர்த்தியண்ணன் கையைக் கழுத்தில் கட்டிய துணியில் மாட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். "மேஸ்திரி ஓகே சொன்னாதான்டா இனிமே" என்றார். அக்கா அவரையும் முறைத்தார்.

"இப்ப போ தம்பி" என்றார் என்னிடம்.

அதே சாக்கில் படுத்து உள்ளே நகர்ந்தேன். மூக்குக்கு மேலே ஒரு கை அளவில் இரும்பு. இந்த வண்டிக்கு அடியில் நான் போவது இதுதான் முதல் தடவை.

"மேல யாரு முறுக்கறது?" என்று கேட்டேன்.

"நான் பிடிக்கறேன்" என்றார் அக்கா. "மெதுவாத்தான் இழுப்பேன்."