எம்.எல்.ஏ.வுக்கு மோர் கொடுத்த வீதி

போத்தனூர்
24.7.94, ஞாயிறு

அன்புள்ள கண்ணு இளவேனிலுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் தையல் மிஷினும் மாசாணியம்மன் தயவில் சௌக்கியம், மிஷினுக்கு மட்டும் கொஞ்சம் மூட்டுவலி, எண்ணெய் விட்டிருக்கிறேன். ராஞ்சியில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுக்குள் உதைக்கிற ஆளும் உன் மாமியாரும் அவருடைய ரத்தக்கொதிப்பும் எப்படி இருக்கிறீர்கள் என்று தனித்தனியாக எழுதவும், எல்லோரும் நலம் என்று ஒரே வரியில் எழுதி ஏமாற்றாதே.

முதலில் ஒரு மானக்கேட்டை நானே சொல்லிவிடுகிறேன், யாராவது பேப்பரை மடித்துத் தபாலில் அனுப்பி அதை உன் மாமியார் பிரிப்பதற்குள். போன மாதம் உன் அம்மா படம் பேப்பரில் வந்தது. எம்.எல்.ஏ. பக்கத்தில் நிற்கிறேன். நைட்டியோடு நிற்கிறேன். நீ தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்தாயே ஊதாப் பூப் போட்டது, அதேதான், மேலே உன் அப்பாவின் துண்டு, கழுத்தில் அளவு டேப், ஒரு காலில் என் செருப்பு இன்னொரு காலில் அவர் செருப்பு. ஊரிலிருக்கிற பொம்பளைகளுக்கெல்லாம் ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறவள், உடுத்தத் துணியில்லாமலா அப்படி நின்றாய் என்று சுந்தராபுரத்திலிருந்தெல்லாம் வந்து கேட்டுவிட்டு, வந்ததுதான் வந்தோம் என்று ஜாக்கெட்டுக்கு அளவும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். தொழிலுக்கு நல்லதுதான், மானத்துக்குத்தான் ஆகவில்லை. எப்படி இந்த நிலைக்கு வந்தேன் என்று வரிசையாகச் சொல்கிறேன், நடுவில் தாண்டிப் படிக்காதே, உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

வைகாசியில் உன் மாமியாரிடமிருந்து கடுதாசி வந்ததே, தண்ணி இல்லாத வீட்டுக்குப் பிள்ளைத்தாச்சியை எப்படி அனுப்புவது, பிரசவம் இங்கேயே நடக்கட்டும் என்று. நீ எனக்குத் தெரியாது என்று நினைத்திருப்பாய், அவர் நேராக எனக்கே எழுதிவிட்டார். படித்துவிட்டு மிஷினில் உட்கார்ந்தேன், கண்ணில் தண்ணி நின்றதில் ஒரு ஜாக்கெட்டின் வலது கையை இடது பக்கம் வைத்துத் தைத்துப்போட்டேன். அவர் மேல் தப்பில்லை கண்ணு. பொங்கலுக்கு வந்தபோது ஒரு வாளித் தண்ணியைக் கொடுத்து இதிலேயே தலைக்கும் ஊற்றிக்கொள்ளுங்கள் என்று நான்தானே சொன்னேன். லாரி என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது, வந்தால் குடுமிப்பிடி சண்டை, கைப்பம்பை அடித்தால் காத்துதான் வரும். அந்த வீட்டில் பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு எப்படிக் குளிப்பாட்டுவது. ஆனால் தலைப்பிரசவத்துக்கு மகளைத் தாய்வீட்டுக்குக் கூட்டிவர முடியவில்லை என்றால் நான் யார் முகத்தில் முழிப்பது, அதுவும் இந்த வீதியில், எதிர்வீட்டில் ராமாமணி டீச்சர் இருக்கிற வீதியில்.

அந்த நேரத்தில்தான் எம்.எல்.ஏ. வெங்கடபதி நம்ம வீதிக்கு வரப்போகிறார் என்று சேதி வந்தது. அவர் ஒரு தினுசான மனுசர். ஞாயிறானால் ஏதாவது ஒரு வீதியில் நடந்தே வருவார், மனு கொடுத்தால் வாங்கமாட்டார். மனு அழகா எழுதத் தெரிஞ்சவனுக்குத்தானுங்க காரியம் நடக்குது, எழுதத் தெரியாதவன் என்ன பண்ணுவான், அதனால நானே கண்ணால பாத்துக்கறனுங்க என்பாராம். ரயில்வே லைனுக்கு அக்கட்ட ஒரு வீதியில் சாக்கடைக்குள் முழங்கால் வரைக்கும் இறங்கி நின்று பார்த்தாராம், சீக்கிரமே மூடி போட்டுவிட்டார்கள். போன வருசம் அவர் வைத்த கண் முகாமில் உன் பெரியம்மாவுக்குக் கண்ணாடி கிடைத்தது, அது கிடைத்ததிலிருந்து நம்ம வீட்டு ஒட்டடையெல்லாம் அவளுக்குத் தெரிகிறது, அது வேறு விசயம்.

ஆக, கண்ணால் பார்க்கிற மனுசர், காட்டுவதற்கு நம்மிடம் வறட்சியும் இருக்கிறது, இதைவிட என்ன வேண்டும். நம்ம ரயில்வே கார்டு ஜெரோம் அண்ணன் வீட்டு முற்றத்தில் வீதியே கூடியது. ரயிலை விடுகிற மனுசரல்லவா, அவரே திட்டம் போட்டார். வீதி முனையிலிருந்து கடைசி வீடு வரைக்கும் காலிக் குடங்களை வரிசையாக வைப்பது, கைப்பம்புக்கு மாலை போட்டு ஊதுவத்தி கொளுத்துவது, யாரும் வாயே திறக்க வேண்டாம், அவர் பார்த்தாலே போதும். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை, மாலை என் செலவு என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ராமாமணி டீச்சர் வந்தார். ஏனுங்க பூவாத்தா, பெரிய மனுசர் மொதமொதல்ல நம்ம வீதிக்கு வாரார், அவரு எதுக்கக் காலிக் குடத்தையா வெக்கறது, கல்யாண ஊட்டுக்குப் போறவங்களே காலிக் குடம் எதுக்க வந்தாத் திரும்பிப் போயிருவாங்க என்றார். எனக்குச் சுருக்கென்றது. உண்மைதானே, அந்த மனுசருக்கு அடுத்த தேர்தலில் ஏதாவது ஆகிவிட்டால் நம்ம வீதிக்குடம்தான் காரணம் என்று ஆகிவிடாதா. சரி, வீதி முனையில் மட்டும் ஒரு நிறைகுடம் வைப்போம் என்றேன். ஒரு வாசலில் நிறைகுடம் இருந்தால் அடுத்த வாசல்காரி சும்மா இருப்பாளா. எங்க ஊட்டுக்கு மட்டும் மரியாதை தெரியாதுங்களா என்று ஆளாளுக்குக் கிளம்பிவிட்டார்கள். ஜெரோம் அண்ணன் ரயில்வே குடியிருப்பில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு டேங்கர் தண்ணி கொண்டுவந்தார். அவ்வளவுதான், அண்டா, குண்டா, தவலை, என் கல்யாணத்துப் பித்தளைக் கொப்பரை எல்லாம் தளும்பத் தளும்ப வாசலில் நின்றன, மேலே மாவிலை. புழுதி பறந்தால் வெள்ளை வேட்டி என்னத்துக்கு ஆகும் என்று மிச்சத் தண்ணியை வீதி முழுக்கத் தெளித்தோம். சாக்கடையைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்டோம். காலிக் குடங்களை எல்லாம் பார்வைக்கு அசிங்கமாக இருக்கிறது என்று ஜெரோம் அண்ணன் குளியலறையில் போட்டுப் பூட்டினோம். இதையெல்லாம் முன்னால் நின்று நடத்தினது யார் என்று கேட்காதே. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு விசில் ஊதாத குறை.

காலையில் வந்தார். பாவம், நல்ல மனுசர், நெற்றியில் வேர்வை. ஒரு வீட்டில் சந்தகையும் தேங்காய்ப்பாலும், அடுத்த வீட்டில் கச்சாயம், அதற்கடுத்து மோர், அப்புறமும் மோர். போதுமுங்க என்றால் விடுகிற ஊரா இது, எங்க ஊட்டு மோர் மட்டும் புளிக்குதுங்களா என்று கேட்டால் அந்த மனுசர் குடிக்காமல் என்ன செய்வார். எல்லாம் முடிந்து கைப்பம்பு பக்கத்தில் நின்று, அதற்கு மாலை போட்டிருந்ததைப் பார்த்து ஏதோ சாமி என்று கும்பிட்டுக்கொண்டே, உங்க வீதிக்கு என்னங்க குறை, சொல்லுங்க என்று கேட்டார். வந்தவர் கேட்ட உடனே குறையைக் கொட்டுவது நம்ம பக்கத்துப் பழக்கமா. இரண்டாம் தரம் கேட்டால்தானே மெல்லத் தலையைச் சொறிந்து ஆரம்பிப்போம். ராமாமணி டீச்சர் ஒரு குறையுமில்லீங்க என்றார். ஜெரோம் அண்ணன் உங்க புண்ணியத்துல நல்லா இருக்கறமுங்க என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா, நீங்க வந்ததே போதுமுங்க என்றேன். அவர் இரண்டாம் தரம் கேட்கவில்லை கண்ணு. வயிறு நிறைய மோரோடு சந்தோசமாகச் சிரித்து, இப்படிக் குளுகுளுன்னு ஒரு வீதி என்ர தொகுதியில இருக்கறது எனக்கே பெருமைங்க என்று சொல்லி ஜீப்பில் ஏறிவிட்டார். நாங்கள் கை தட்டினோம். நானும் தட்டினேன், என் கை சிவக்கத் தட்டினேன்.

வீட்டுக்குள் வந்து பட்டுச்சேலையை அவிழ்த்துப் போட்டு நைட்டிக்கு மாறி, அவசர ஜாக்கெட் ஒன்று இருந்தது, டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டேன். உன் அப்பா மில்லில் இரவு ஷிப்ட் முடிந்து வந்து அத்தனை கூத்திலும் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து, ஏம்புள்ள, தண்ணி சங்கதிக்கு என்ன சொன்னாரு என்று கேட்டார்.  யாரு சொன்னீங்க என்று மறுபடி கேட்டார். வெளியே ஓடிப்போய் டீச்சரைக் கேட்டேன், நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தனுங்க என்றார். ஜெரோம் அண்ணன் வாயில் கச்சாயம், தலையை மட்டும் ஆட்டினார். எனக்கு அந்த நேரத்தில் எம்.எல்.ஏ. முகம் ஞாபகம் வரவில்லை, உன் மாமியார் முகம்தான் வந்தது, உன்னை ராஞ்சியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்துக்கொண்டு நான் அப்பவே சொன்னேனே என்கிற முகம். துண்டை எடுத்துப் போர்த்தினேன், கையில் அகப்பட்ட பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கினேன், சந்து வழியாக ரயில்வே கேட்டுக்கு ஓடினேன். அந்த நேரத்தில் பாலக்காடு வண்டி வரும், கேட் சாத்தியிருக்கும், எத்தனை பெரிய மனுசரானாலும் அங்கே நின்றுதானே ஆகவேண்டும்.

நின்றது. டவுன் பஸ் இரண்டு, மணல் லாரி, நடுவில் ஜீப். நான் ஜீப்புக்கு முன்னால் போய்க் குடத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். பஸ் முழுக்கத் தலை நீட்டியது. டிரைவர் ஏதோ அதட்டினான், எம்.எல்.ஏ. எட்டிப்பார்த்து, ஏனுங்க அம்மணி, நீங்க பட்டுச்சேலையில இருந்தவங்கதானுங்களே என்றார். அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. ஆமாங்க, அந்தச் சேலையும் சும்மாதானுங்க, அந்தத் தண்ணியும் சும்மாதானுங்க, எல்லாம் உங்களுக்கோசரம் இரவல் வாங்கி வெச்சதுங்க, எங்க வீதியில சொட்டுத் தண்ணி இல்லீங்க, என்ர புள்ள மாசமா இருக்குதுங்க, தண்ணி இல்லைன்னா அனுப்பமாட்டாங்களாமுங்க என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். அப்புறம் ஏனுங்க நான் கேக்கறப்பச் சொல்லலை என்றார். நீங்க ஒருவாட்டிதானுங்களே கேட்டீங்க என்றேன். மனுசர் தலையைத் தலையை ஆட்டிச் சிரித்தார். ஜீப்பைத் திருப்ப வழியில்லை, இறங்கி, குடத்தை இப்படிக் குடுங்க என்று வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு என்னோடு நடந்தே வந்தார். அப்போதுதான் அவரோடு ஜீப்பில் வந்திருந்த பேப்பர்காரப் பையன் படம் எடுத்தது, படுபாவி.

வீதிக்குள் திரும்பி வந்தால் என்ன செய்தார்கள் நினைக்கிறாய். எம்.எல்.ஏ. மறுபடியும் வாரார் என்று நாற்காலி தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்கள். ராமாமணி டீச்சர் கையில் மோர். நான் நடுவீதியில் நின்று, யாராச்சும் இவருக்கு ஒரு வாய் குடுத்தீங்கன்னா நடக்கறது வேற என்று கத்தினேன். ஜெரோம் அண்ணன் குளியலறையைத் திறந்து காட்டினோம், காலிக் குடங்கள் உருண்டு அவர் காலடியில் விழுந்தன. மாலையைக் கழற்றிவிட்டுக் கைப்பம்பை அவரே அடித்துப் பார்த்தார், காத்துதான் வந்தது. ஆடிப் பதினெட்டுக்குள்ள தண்ணி வருமுங்க என்று சொல்லிவிட்டுப் போனார். டீச்சர் மனசு கேட்காமல் வீதி முனை வரைக்கும் பின்னாலேயே போய் மோரைக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார்.

இப்போது சொல்கிறேன், வெள்ளிக்கிழமை தண்ணி வந்துவிட்டது கண்ணு. நம்ம வாசலுக்கு நேராகக் குழாய். முதலில் சீறியது, துருவாக வந்தது, அப்புறம் கண்ணாடி மாதிரி சிறுவாணித் தண்ணி, நான் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி நைட்டியோடு குழாயடியில் உட்கார்ந்துவிட்டேன், அந்த நைட்டிக்கு அப்படி ஒரு ராசி. உன் அப்பா பேசாமல் தொட்டிலைப் பரணிலிருந்து இறக்கிக் கழுவிக்கொண்டிருக்கிறார், மூன்று நாளாகக் கழுவுகிறார். உன் மாமியாருக்குத் தனியாக எழுதியிருக்கிறேன், ஆவணி முதல் முகூர்த்தத்தில் வந்து சீர் செய்து உன்னைக் கூட்டிவருகிறோம், அவரும் கூட வரட்டும், எத்தனை வாளி வேண்டுமானாலும் ஊற்றிக் குளிக்கட்டும், நான் எண்ணமாட்டேன். நீ வாளி தூக்காதே, இரும்புச் சத்து மாத்திரையைப் பூந்தொட்டியில் போடாதே, ரயிலில் கீழ் பெர்த்துக்கு இப்போதே சொல்லி வைக்கச் சொல். ரவிக்கையெல்லாம் இப்போது இறுக்கிப் பிடிக்கும், பிரிக்காதே, கொண்டுவா, நான் விட்டுத் தைக்கிறேன்.

மாசாணியம்மன் உன்னையும் பிள்ளையையும் பத்திரமாக ஆனைமலை வரைக்கும் கூட்டிவந்து பொங்கல் வைக்க வைப்பாள். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம். சம்பந்தியம்மாவுக்கு வணக்கம். பதில் உடனே போடு, அப்பா தினமும் தபால்காரரை முறைக்கிறார்.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா
கா. பூவாத்தாள்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது குழாய் போட்ட ஓவர்சியர் காப்பி குடிக்க வந்தார். நம்ம வீதிக்குக் குழாய் போடச் சித்திரையிலேயே கையெழுத்தாகிவிட்டதாம், அதைச் சொல்லத்தான் எம்.எல்.ஏ. அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தாராம், வாசலுக்கு வாசல் நிறைகுடத்தைப் பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறினதும் கூட வந்திருந்த இவரைக் கூப்பிட்டு, இவங்களுக்குத்தான் நெறையத் தண்ணி இருக்குதே, பைப்பை அடுத்த வீதிக்கு மாத்திப்போடுங்க என்று சொல்லிவிட்டுத்தான் கேட்டுக்குப் போனாராம்.