அண்ணன் என்னைத் தடுக்கவில்லை

முழங்காலுக்குக் கொட்டஞ்சுக்காதி தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மூடியைத் திறந்ததுமே உன் நினைப்பு வந்துவிட்டது. பள்ளிக்கூட நாளில் நீ கெண்டைக்காலில் இதைத்தான் பூசிக்கொண்டு வருவாய். உன் பக்கத்தில் உட்கார்ந்தால் என் பாவாடையும் இதே வாசனை அடிக்கும்.

தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். சர்க்கரை. மூன்று முறை தொடங்கினேன், மூன்று முறையும் விட்டுவிட்டேன். மட்டாஞ்சேரியிலிருந்து கோட்டைக்கொச்சிக் கடற்கரை வரை ஓடிப்போய் ஓடியே திரும்பியவர்கள் நாம். இப்போது பாதி வழியில் சாயாக்கடை பெஞ்சைப் பார்த்தால் உட்கார்ந்துவிடுகிறேன்.

"சின்ன வயசுல ஓடின உடம்புடீ, அது மறக்காது" என்பாய். உன் உடம்பு மறக்கவில்லை. தெரு கூட்டும் வேலையை முடித்துவிட்டு, நாற்பது வயதுக்கு மேலும் சுடிதாரோடு ஓடினாய். என் உடம்புதான் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டது. எரிச்சலாக வருகிறது. உன்மேலா என்மேலா என்று பிரிக்கத் தெரியவில்லை. அப்படி ஓடினவளைப் போன மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் நான்கே நாளில் கொண்டுபோயிற்றே, அதன்மேலும்தான்.

ஓடுவதை ஏன் நிறுத்தினேன் என்று உன்னிடம் சொன்னது பொய்.

ஜில்லாப் போட்டிக்குப் பள்ளியில் ஆள் எடுத்தார்களே, அந்த நாள். நமக்குப் பதினாறு வயது. அதுவரை எண்ணூறு மீட்டரில் நான்தான் முதல். அன்று கடைசி வளைவில் நீ என்னைத் தாண்டிப் போனாய். முடித்த கையோடு திரும்பி வந்து என்னைக் கட்டிக்கொண்டு, "எடீ, நல்ல ரசமா இருந்துச்சு, இல்லே?" என்றாய். உனக்கு ஓடுவதே சந்தோஷம். எனக்கு முதலில் வருவது மட்டும்தான் சந்தோஷமாக இருந்திருக்கிறது. அன்றைக்குத்தான் அது எனக்கே தெரிந்தது.

மறுநாள் விடியற்காலையில் வாசலில் நின்று கூப்பிட்டாய். "அண்ணன் ஓடக்கூடாதுன்னுட்டான்" என்றேன். அண்ணன் ஒன்றும் அறியாமல் கொல்லையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். நீ நம்பினாய். நம்பியதோடு நிற்காமல் அவனோடு பேசுவதையே விட்டாய். உன் கல்யாணத்துக்கு எங்கள் வீட்டில் எல்லோரையும் அழைத்தாய், அவனைத் தவிர. அப்போதாவது நான் வாய் திறந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகும் நீ விடவில்லை. "மெதுவா ஓடினா மதி, அதுவே போதும், என்கூட வாடீ" என்று வருஷத்துக்கு ஒரு தடவையாவது வந்து நிற்பாய். வீட்டுக்காரர், பிள்ளை, வேலை என்று எனக்குச் சாக்குகளுக்குக் குறைவில்லை.

உன்னை எடுத்துப்போன அன்று அண்ணனும் வந்திருந்தான். திரும்பும் வழியில், "அவ ஏன் இத்தன வருஷமா என்கிட்ட மிண்டவே இல்ல, ஒரு வார்த்த பேசல? நான் என்ன செஞ்சேன் அவளுக்கு?" என்று கேட்டான். உண்மையைப் போன வாரம்தான் அவனிடம் சொன்னேன். சாயா குடித்துக்கொண்டிருந்தவன் கிளாஸைக் கீழே வைத்தான்.

"உனக்கு ஓடறதுக்கு ஷூ வாங்கித் தந்ததே நாந்தான்" என்றான். பாதிச் சாயாவை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்விட்டான். இன்னும் என் போனை எடுக்கவில்லை. உன்னிடம் சொல்லியிருந்தால் நீ ஒருவேளை சிரித்திருப்பாய், போய் அவனிடமும் பேசியிருப்பாய். இப்போது அதற்கும் வழியில்லை.

இன்று காலை நான்காவது முறையாக நடக்கக் கிளம்பினேன். கடற்கரைக்குப் பக்கத்தில், அறுபத்தைந்து வயது இருக்கும், ஒரு சேச்சி என்னைக் கடந்து போனார். அவரை முந்தவேண்டும் என்று கால் தானாகவே வேகமெடுத்தது. பத்தடிகூடப் போகவில்லை, முழங்கால் பிடித்துக்கொண்டது. மதிலைப் பிடித்து நின்றேன். அவர் திரும்பி வந்து, "எந்தா மோளே, வய்யே?" என்றார், முடியவில்லையா என்று. "ஒன்றுமில்லை, நீங்கள் போங்கள்" என்று சிடுசிடுத்தேன்.

சின்ன வயதில் பழகியதில் எனக்கு மிஞ்சியது முந்தத் துடிக்கும் இந்த ஒன்றுதான். அவரோடு சேர்ந்து நடந்திருக்கலாம் என்பது வீடு வந்து சேர்ந்த பிறகுதான் தோன்றியது.