நேர்வாலா, பிளவுவாலா

மார்ச் 6
பேருந்து நிலையக் கூரைக்கு அடியில் உழவாரன் குருவிக் கூடுகள். இறகையும் புல்லையும் எச்சிலால் ஒட்டிக் கட்டியவை. உள்ளே குஞ்சுகளின் கத்தல். திங்கட்கிழமை எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு வர்ணம் அடிக்கப் போகிறார்களாம். பொறியாளரிடம் கெஞ்சினேன். "ஊரெல்லாம் இருக்கிற குருவிம்மா. இதுக்காக வேலைய நிறுத்த முடியுமா? அபூர்வமானதுன்னா உங்க பறவைச் சங்கத்துலேர்ந்து பெரியவங்க யாராவது வந்து சொல்லட்டும்."

மார்ச் 7
உழவாரனில் இரண்டு வகை. ஊரெல்லாம் இருப்பது நேர்வால். இன்னொன்று பிளவுவால், இங்கே யாரும் பார்த்ததே இல்லை. இரண்டும் ஒரே கருப்பு, இடுப்பில் ஒரே வெள்ளைப் பட்டை. ஒன்றுக்கு வால் நுனி கத்தரித்தாற்போல் நேராக இருக்கும், மற்றதற்கு நடுவில் லேசாக ஒரு வெட்டு. வாலை விரித்தால் அந்த வெட்டும் மறைந்துவிடும். கூட்டுக்குத் திரும்பும்போதெல்லாம் விரிக்கிறது, சனியன்!
கழுத்து சுளுக்கிக்கொண்டது. "நாள் பூரா குருவி வாலையே பார்த்துக்கிட்டு இருக்கியே, வீட்டுல புருஷன்னு ஒருத்தன் இருக்கேன்" என்றார் இவர். "உங்களுக்கும் வால் இருந்தா பார்ப்பேன்" என்றேன். சிரிக்கவில்லை.

மார்ச் 8
கிடைத்துவிட்டது! ஒரே ஒரு படம். மூடிய வால், நடுவில் வெட்டு. சங்கச் செயலாளர் வீட்டுக்கு ஓடினேன். கறாரான ஆள். நம்புவாரா? அறுந்து பறந்த கருப்புப் பட்டத்தைப் போன வருஷம் கழுகு என்று சொன்னவள் நான். சங்கத்தில் என் பட்டப்பெயரே 'பட்டம்'தான்.
கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "சரி, பட்டம். பொறியாளர்கிட்ட நான் பேசுறேன்."

மார்ச் 9
வேலை நின்றது! குஞ்சுகள் பறக்கும்வரை கூரையைத் தொட மாட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 17
படத்தில் இருந்த அதே குருவி. இடது சிறகில் நுனி ஒடிந்திருக்கும், சந்தேகமே இல்லை. வாலின் வெட்டு பாதி அடைந்திருக்கிறது. நடுவில் குட்டையாக, பளபளவென்று புது இறகுகள் முளைக்கின்றன.
ஐயோ. அது பிளவே இல்லை. இறகு உதிர்ந்த இடம். நேர்வால்தான்.

மார்ச் 18
சொன்னால் நாளைக்கே சுரண்டுவார்கள். சொல்லாவிட்டால் நான் பொய்க்காரி. அபூர்வம் இல்லை என்பதற்காகக் குஞ்சுகள் சாக வேண்டுமா? ஆனால் என்னை நம்பித்தானே செயலாளர் போய் நின்றார்?
"வாயை மூடிக்கிட்டு இரு. யாருக்குத் தெரியப் போகுது?" என்கிறார் இவர். எனக்குத் தெரியுதே!

மார்ச் 20
செயலாளரிடம் சொல்லிவிட்டேன். அழுகையை அடக்க முடியவில்லை. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.
"அன்னைக்கே தெரியும்மா. இறகு விழுந்த இடம் படத்துலயே தெரிஞ்சுது."
"அப்புறம் ஏன் சார்...?"
"முன்னாடி ஒரு கட்டடத்துல குஞ்சுங்களோட சுரண்டினாங்க. நின்னு பார்த்தேன். இன்னொரு தடவை என்னால ஆகாது. குஞ்சுங்க பறக்கட்டும், அப்புறம் நானே சொல்லிடுறேன். அதுவரைக்கும் நீ பேசாத."
கோபம்தான் முதலில் வந்தது. மூன்று நாளாக நான் மட்டும் செத்துப் பிழைத்தேனே! ஆனாலும் சரி என்றுதான் தலையாட்டினேன்.

மார்ச் 25
யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 12
கூரைக்கு வர்ணம் அடித்தாயிற்று. இன்று சங்கக் கூட்டம். செயலாளர் எழுந்தார். "பேருந்து நிலையத்துல இருந்தது நேர்வால். தெரிஞ்சேதான் பிளவுவால்னு சொன்னேன். இனி நான் செயலாளரா இருக்கிறது சரியில்ல." அலுவலகச் சாவியை மேஜைமேல் வைத்தார். நானும் எழுந்து, "தெரிஞ்சப்புறம் நானும்தான் மறைச்சேன்" என்றேன்.
இனி எங்கள் இருவர் பெயரிலும் சங்கத்தில் எந்தப் பறவையும் பதிவாகாது என்று முடிவு செய்தார்கள்.
வெளியே வந்ததும் கேட்டார்: "எல்லாக் குஞ்சும் பறந்துடுச்சா? பயந்துக்கிட்டு நான் அந்தப் பக்கமே போகல."
"எல்லாம் பறந்துடுச்சு, சார். கடைசிக் குஞ்சு போற வரைக்கும் நின்னு பார்த்தேன்."