மாங்காய்க்கு எல்லை போட்ட வருஷம்

அன்பான மாமா,

நீ போன பிறகு வந்த முதல் மாங்காய்ப் பருவம் முடிந்துவிட்டது. எப்படி இருந்தது என்று உன்னிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. நேரில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே விழுவாய். இந்த ஒரு தடவை முழுசாகக் கேள்.

படிக்கிறவர்களுக்கும் தெரியட்டும்: நீ என் அக்கா வள்ளியின் வீட்டுக்காரன். உங்கள் தோட்டம் தமிழ்நாட்டில், காட்பாடிப் பக்கம். என் தோட்டம் ஆந்திராவில், சித்தூருக்குப் பக்கத்தில். இரண்டு தோட்டத்து பெங்களூரா ரக மாங்காயும் ஒரே டிராக்டரில்தான் சித்தூர் மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போகும். உன் காய் அடியில், என் காய் மேலே, நடுவில் ஒரு அடுக்கு மாவிலை. இறக்கும்போது இலை தெரிகிறவரை என் பங்கு, அதற்குக் கீழே உன் பங்கு. இத்தனை வருஷத்தில் அதில் ஒரு சண்டை வந்ததில்லை.

சண்டையெல்லாம் அரசாங்கத்தைப் பற்றித்தான். மானியம் என்றால் உனக்கு முகம் கோணும், விலை கட்டுகிறார்கள் என்றால் எழுந்தே நின்றுவிடுவாய். "ஒத்தாசை எதுவும் வாணாம், வழிய விட்டா போதும்." இதுதான் உன் முழுக் கட்சி, அதில் நீ ஒருத்தன்தான் உறுப்பினர். நான் எதிர்க்கட்சி. நிலமே இல்லாத கூட்டம் நாங்கள். என் நைனாவுக்கு அரசாங்கம் பட்டா கொடுத்ததால்தான் இன்றைக்கு எனக்கு நாலு மரம் இருக்கிறது. அதைச் சொன்னால் தலையாட்டுவாய். பிறகு, "குடுத்தது சரி. விக்கக் கூடாதுன்னு ஏன் எழுதிக் குடுத்தான்? ஒன்னுதுன்னா முழுசா ஒன்னுதுதானே?" என்று மறுபடியும் கிளம்புவாய்.

இந்த வருஷம் காய் கொட்டிக் கிடந்தது, விலை படுத்துவிட்டது. அரசாங்கம் ஒரு விலையைக் கட்டியது. அந்த விலைக்கு எங்களால் இவ்வளவுதான் முடியும் என்று ஃபேக்டரிக்காரர்கள் கேட்டைப் பாதி சாத்தினார்கள். டோக்கன் வந்தது, டோக்கனுக்குப் பின்னால் ரோடு நீளத்துக்கு வரிசை வந்தது. விலையைப் பிடித்து நிறுத்தினால் வண்டியும் நின்றுவிடும் என்பாயே, நின்றது. ஆனால் மானியமும் பேங்கில் விழுந்தது. வாங்கிக்கொண்டேன் மாமா. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வசதி போதாது. திட்டுவதென்றால் திட்டிக்கொள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊர் விவசாயிகளின் ரைத்து சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். வெளி மாநிலத்துக் காய் வந்து குவிவதால்தான் நம் காய்க்கு விலையில்லை, எல்லையிலேயே நிறுத்தச் சொல்லி அதிகாரிகளிடம் கேட்போம் என்றார்கள். எல்லார் கையும் மேலே போனது. என் கை போகவில்லை. தைரியமெல்லாம் ஒன்றுமில்லை, அக்கா முகம் வந்து நின்றது, அவ்வளவுதான். ஏன் என்று கேட்டார்கள். அவர்களும் நம்மைப் போல வயிற்றுப்பாட்டுக்குத்தானே கொண்டுவருகிறார்கள், வாங்குகிறவனும் விற்கிறவனும் பேசிக்கொள்ளட்டும், நடுவில் நாம் எதற்குக் கட்டை போட வேண்டும் என்று கேட்டுவிட்டேன்.

பின்னாலிருந்து ஒருத்தன், "இன்னாபா, செத்துப்போன மாமன் வந்து பேசறானா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அழுகையை அடக்க முடியவில்லை.

சில நாளில் செக்போஸ்டில் நிறுத்த ஆரம்பித்துவிட்டார்கள். காட்பாடிப் பக்கத்திலிருந்து வந்த வண்டிகள் ஏற்றிய காயோடு திரும்பிப் போயின. சங்கத் தலைவர் முனிரத்தினம் நல்ல மனுஷன், உனக்கே தெரியும். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒங்க அக்கா காயி எனக்குத் தெரியாதா முருகேசா? நான் சொல்லி வெக்கறேன். அவுங்க டிராக்டர் மட்டும் வரட்டும்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த பஸ்ஸிலேயே அக்கா வீட்டுக்குப் போனேன்.

அக்கா மரத்தடியில் விழுந்த காயைப் பொறுக்கிக்கொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். நிமிர்ந்து பார்க்காமலே, இந்த ஊரில் மற்றவர்கள் காய் என்னாகும் என்று கேட்டது. அது உன் ஒருத்திக்கு மட்டும்தான் அக்கா என்றேன்.

"இத்தினி நாளு காயி வித்துக்கினு இருந்தேன். இனிமே ஒன் செல்வாக்க வித்துத் துன்னணுமா? வாணாம்பா."

உன் பேச்சைக் கேட்டாலே பொழப்பத்த பேச்சு என்று எழுந்து போகுமே, அந்த அக்காதான் மாமா. உன்னோடு இருந்து இருந்து வந்ததா, இல்லை, நீதான் அதனிடம் கற்றுக்கொண்டு எங்களிடம் சவடால் அடித்தாயா?

ஊறுகாய் போடுகிறவன் ஒருத்தன் வந்து கேட்ட விலைக்குக் கொஞ்சம் அள்ளிக்கொண்டு போனான். மிச்சமெல்லாம் மரத்தடியிலேயே பழுத்து அழுகியது. அந்த வாடையில் அக்கா தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டது. என்னோடு வந்து இரு என்று எவ்வளவோ கூப்பிட்டேன், வரவில்லை.

வேண்டாம் என்று அக்கா சொன்னதை முனிரத்தினத்திடம் சொன்னேன். அவருக்கு முகம் சுண்டிவிட்டது. நல்லது செய்ய வந்தவரை அவமானப்படுத்திவிட்டேன் என்று ஊரில் பேச்சு. டீக்கடையில் நான் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவனுக்கு உடனே ஏதோ வேலை ஞாபகம் வந்துவிடுகிறது.

ஃபேக்டரி வரிசையில் என் லோடு மேல் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தேன். முன்பெல்லாம் நாம் இரண்டு பேரும் புளிச்சோற்றைத் துன்னுகினு சண்டை போட்டுக்கொண்டிருப்போம். கேட்டைத் திறந்தால்கூட, பேச்சு பாதியில் நின்றதே என்று இருக்கும். இப்போது உன் பக்கத்தை நான் பேசுகிறேன். என் பக்கத்தைப் பேச ஊரே இருக்கிறது, ஆனால் நான் என்ன பதில் சொல்வேன் என்று காத்திருக்க ஒருத்தரும் இல்லை.

முழுசாக உன் கட்சிக்கு வந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஃபேக்டரிக்காரர்கள் எல்லாரும் கூடிப் பேசி ஒரே விலையைச் சொன்னால், வண்டியில் காய் அழுகிக்கொண்டிருக்கும் எனக்கு அங்கே என்ன சுதந்திரம் என்று போன வருஷம் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாய். யோசித்தாயா மாமா?

போன வாரம் அக்கா போன் செய்தது. பாதி மரத்தை வெட்டிவிட்டு வேறு ஏதாவது வைக்கப் போகிறதாம். வீட்டை ஒட்டியிருக்கிற பாதி, நீ குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து வளர்த்த பாதி. விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன். அடுத்த வருஷம் விலை ஏறும், இத்தனை பெரிய மரம் திரும்ப வருமா, ஊர் என்ன சொல்லும் என்று மூச்சு விடாமல் பேசினேன். கடைசியில், "ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன்க்கா" என்றேன்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தது. "எல்லாரும் அப்டித்தான் சொல்றாங்க" என்று சொல்லிவிட்டு, எனக்குத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனது.

நான் அங்கேயே நின்றேன். மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இந்த மரங்கள் போய்விட்டால் உன்னைப் பார்க்க நான் எங்கே வருவது? ஆனாலும் தோட்டம் அக்காவுடையது. அங்கே இருக்கப் போகிறதும் அக்காதான். ஒருத்தரை அவர் இஷ்டத்துக்கு விடுவது பற்றி நீ எவ்வளவோ பேசியிருக்கிறாய். அது இப்படி வலிக்கும் என்று மட்டும் ஒரு நாளும் சொல்லவில்லை.

ஆடி கழிந்து ஆள் வருகிறார்கள். நானும் போவேன். கயிறு பிடிப்பேன், வெட்டிய கிளையை இழுத்துப் போடுவேன், வேண்டாம் என்று ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வராது. இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. முதல் மரம் சாய்கிறபோது நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டால் மட்டும், என்னைக் கேலி செய்யாதே மாமா.

வாதாட ஆளில்லாமல் நிற்கும்
உன் மச்சான்,
முருகேசன்